வாயால் சொல்வான், எழுதமாட்டான்

சென்ற மாதம் வீட்டு மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்குப் போனேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று எழுந்து நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் எல்லாம் வந்துவிட்டது. 1998, ஆறாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் வெறும் தாள்தான் வரும். திமிர் என்று நினைத்து முட்டி போட வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

காயில் சுற்றியிருக்கும் இரும்பு வளையமான ஸ்டேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதன் 24 ஸ்லாட்டில் (பள்ளத்தில்) ரன்னிங் காயில் எங்கே தொடங்குகிறது, ஸ்டார்ட்டிங் எங்கே என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டான். எட்டிப் பார்த்தேன். வட்டம், அம்புக்குறி, எண்கள். ஓர் எழுத்துகூட இல்லை. யாருடைய மோட்டார் என்பதற்கும் படம்தான். எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தான்.

"எழுத்தெல்லாம் தனித்தனியா தெரியும் சார். சேத்துப் படிக்கப் போனா கலைஞ்சிடுது" என்றான்.

25 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்த ஒரு வாக்கியம் அன்றே கிடைத்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

அது டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அறிவுக் குறைவோ சோம்பலோ அல்ல. 'மரம்' என்பதை 'ரமம்' என்று வாசிப்பது, கொம்பையும் காலையும் மாற்றிப் போடுவது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது எல்லாம் தொடக்கத்தில் எந்தக் குழந்தைக்கும் வரும். மூன்றாம் வகுப்பிலும் போகவில்லை, ஆனால் கதை சொன்னால் முழுதாகப் புரிந்துகொள்கிறது என்றால் கவனியுங்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அப்புறம் பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரிடம் காட்டச் சொல்லி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கலாம். சான்று வாங்கினால் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும் என்று தயங்கும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். 'மக்கு' என்ற பெயர் அதைவிடவா நல்லது?

மோட்டாரை வாங்கப் போன அன்று ஒரு சிறுமி கடை வாசலில் செம்புக்கம்பித் துண்டுகளால் மயில் செய்துகொண்டிருந்தாள். அவன் மகள். மூன்றாம் வகுப்பாம். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"இவளும் என்னை மாதிரிதான் சார். திட்டுவாங்களோன்னு பள்ளிக்கூடத்துல ஒண்ணும் சொல்லல."

இந்தக் குறைபாடு குடும்பத்தில் தொடர்ந்து வருவது உண்டு. அதை அவனிடம் சொன்னேன். அவளுக்கு இது வந்ததில் அவன் தப்பு எதுவும் இல்லை என்பதையும் சொன்னேன். அன்று அவனை முட்டி போட வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை அவர்கள் இருவரோடும் நானும் அந்தப் பள்ளிக்குப் போகிறேன்.