தண்டவாளம் போன பிறகும் தடம் தெரியும்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1926இல் திறந்த மீட்டர் கேஜ் பாதை அது, அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் என்று வயல்களுக்கு நடுவே சுமார் 30 கிலோமீட்டர் போய்க் கடலோரத்தில் முடியும். 1980களில் மூடிவிட்டார்கள். இப்படிப் போய்விட்ட ஒரு பாதையை இன்றைய வரைபடத்தில் மறுபடி வரைய முடியுமா? பெரும்பாலும் முடியும். ரயில் பாதையின் வடிவமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. பாரம் இழுக்கும் எஞ்சினுக்கு 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம்கூடப் பெரிய வேலைதான். வளைவிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் தனித்தனி வேகத்தில் சுற்ற முடியாது. அதனால் ரயில் பாதை நீளமாக நேரே போகும், திரும்பினால் மெதுவாகத் திரும்பும். நம் ஊர்ச் சாலைகளோ வரப்பைக் கண்டால் ஒடியும், குளத்தைக் கண்டால் சுற்றும். செயற்கைக்கோள் படத்தில் எல்லாம் கோணலாகக் கிடக்கும் இடத்தில் ஒரே சீராக வளையும் ஒரு கோடு தெரிந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகத்தை அளந்தும் பார்க்கலாம். வளைவின் மேல் இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டின் நடுவிலிருந்து வளைவு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். கோட்டின் நீளத்தை அதனாலேயே பெருக்கி, நடு விலகலின் 8 மடங்கால் வகுத்தால் ஆரம் கிடைக்கும். கோடு 400 மீட்டர், விலகல் 25 மீட்டர் என்றால் ஆரம் சுமார் 800 மீட்டர். வளைவின் பல இடங்களில் அளந்தும் அதே விடை வந்தால், அதை ஒரு பொறியாளர் போட்டிருக்கிறார் என்று நம்பலாம். பாதை பராமரிப்பவர்களும் கயிறு பிடித்து இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

டெல்டாவில் மேடு பள்ளம் குறைவு, அங்கே கவலையெல்லாம் தண்ணீர்தான். வெள்ளத்துக்கு மேலே பாதை நிற்க வேண்டுமானால் மண் கரை போட வேண்டும். அந்த மண்ணைப் பெரும்பாலும் பக்கத்திலேயே தோண்டி எடுப்பார்கள். தோண்டிய பள்ளங்கள் பின்னாளில் நீள்சதுரக் குட்டைகளாகக் கோட்டுக்கு இணையாக வரிசை கட்டி நிற்கும். கரை தண்ணீரை மறித்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டிய மதகுகளும் சிறு பாலங்களும், கரை கரைந்த பிறகும் வாய்க்கால்களின் குறுக்கே தங்கிவிடுவதுண்டு.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி வருவாய்த் துறையின் புல வரைபடம். பாதைக்காக நிலம் எடுத்தபோது வயல்களை அறுத்துக்கொண்டு போனார்கள். ஒரே சர்வே எண் இரண்டு மூன்று உட்பிரிவுகளானது. கிராமம் கிராமமாகப் படங்களை ஒட்டிப் பார்த்தால் ஒல்லியான நிலத்துண்டுகள் சங்கிலியாக நீளும். நடுவில் ஓரிடத்தில் அந்தச் சங்கிலி, இரை விழுங்கிய பாம்பு மாதிரி சட்டென்று பருக்கும். பிளாட்பாரம், கூடுதல் தண்டவாளம், சரக்குக் கொட்டடி, ஊழியர் வீடுகள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டுமே! கட்டடம் இடிந்திருந்தாலும் ஸ்டேஷன் இருந்த இடம் அதுதான்.

பழைய நில அளவைத் தாள்களிலும் ரயில் பாதை இருக்கும். ஆனால் அவற்றை இன்றைய படத்தின் மேல் அப்படியே வைத்தால் நூறு மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். பூமியின் வடிவத்துக்கு அன்று எடுத்துக்கொண்ட கணக்கு வேறு, இன்றைய ஜி.பி.எஸ். கணக்கு வேறு. அப்புறம் என்ன செய்வது? இடம் மாறாத பொருள்களைக் கொண்டு தாளைத் தைக்க வேண்டும். டெல்டாவில் அதற்குப் பஞ்சமே இல்லை. திருக்கடையூர்க் கோயிலும் தரங்கம்பாடிக் கோட்டையும் அன்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கின்றன.

இடம் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது, காலமும் வேண்டும். நாகப்பட்டினம்–திருச்சி பாதையைப் பாருங்கள். 1860களின் தொடக்கத்தில் அது 1,676 மி.மீ. அகலப் பாதையாகப் பிறந்தது. 1875இல் அதை 1,000 மி.மீ. மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து மறுபடி அகலமாக்கினார்கள். இதை ஒரே நிறக் கோடாகப் போட்டால் வரலாற்றின் பெரும்பகுதி காணாமல் போய்விடும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, கேஜ் மூன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

ஸ்டேஷன் பெயரும் அப்படித்தான் மாறும், ஆனால் குறியீட்டு எழுத்துகள் லேசில் மாறுவதில்லை. மயிலாடுதுறைக்கு இன்றும் எம்.வி., அதாவது மாயவரம். திருச்சிக்கு டி.பி.ஜே., டிரிச்சினாப்பள்ளி ஜங்ஷன் என்ற பழைய பெயரின் மிச்சம். பழைய கால அட்டவணையில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும் ஊரை அடையாளம் காண இந்த எழுத்துகள் பெரிய உதவி.

முடிவு ஆண்டைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக உப்பளங்கள் சூழ்ந்த அகஸ்தியம்பள்ளிக்குப் போன மீட்டர் கேஜ் பாதை பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2023 ஏப்ரலில் அந்த 37 கிலோமீட்டரிலும் அகலப் பாதையில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. ஆக, அந்தத் துண்டுக்கு இரண்டு பிறந்த ஆண்டுகள். அதற்கு அப்பால் கோடியக்கரை வரை போன மிச்சத் துண்டுக்கு ஒன்றுதான்.