மூன்று நிமிட வீடியோவில் மாட்டிக்கொள்ளும் ஆய்வுக் கேள்வி

முதுகலை மாணவரிடம் ஆய்வுத் தலைப்பைக் கேட்டால் கடகடவென்று ஒப்பித்துவிடுவார். "சரி, இதில் நீ கண்டுபிடிக்கப்போவது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், அங்கேதான் திணறுவார். அந்தத் திணறல் ஆய்வேடு எழுதும் கடைசி மாதத்தில் வந்தால் ஆபத்து. முதல் மாதத்திலேயே அதை வரவழைக்க டிஜிட்டல் கதைசொல்லல் நல்ல வழி என்று உறுதியாக நம்புகிறேன்.

1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டானா ஆட்ச்லி போன்றவர்கள் பயிலரங்குகள் நடத்தி வளர்த்த முறை இது. ஒரு பக்க ஸ்கிரிப்ட் எழுதி, சொந்தக் குரலில் பதிவு செய்து, அதற்குப் படங்களைச் சேர்த்து இரண்டு மூன்று நிமிட வீடியோ ஆக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எடிட்டிங்குக்கு முன்னால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் ஸ்கிரிப்டை வாய்விட்டுப் படிப்பார்கள். கற்றல் பெரும்பாலும் நடப்பது அந்த வட்டத்தில்தான்.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். "இருபது கிணறுகளில் நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டன" என்று படிக்கிறார். பக்கத்தில் இருக்கும் வரலாற்று மாணவர் கேட்கிறார்: "ஏன் அந்த இருபது?" யோசித்துப் பார்த்தால், எல்லாமே வண்டி போகிற சாலையோரக் கிணறுகள்! 'சேகரிக்கப்பட்டன' என்ற செயப்பாட்டு வினைக்குள் ஒளிந்திருந்த மாதிரித் தேர்வுப் பிழை, "நான் இந்தக் கிணற்றுக்குப் போனேன், ஏனென்றால்..." என்று சொல்லத் தொடங்கியதும் வெளியே வந்துவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு உளவியல் இருக்கிறது. 2002இல் ரோசன்பிளிட், கைல் என்ற இரு ஆய்வாளர்கள், ஜிப், பூட்டு போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களை மதிப்பிடச் சொன்னார்கள். அப்புறம் படிப்படியாக விளக்கச் சொன்னார்கள், விளக்கி முடித்ததும் அவர்களே தங்கள் மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டார்கள். தெரியும் என்ற நினைப்பு, விளக்க முயலும்வரைதான் நிற்கும்.

படம் தேடும்போதும் இதே கதைதான். படத்தோடு சேர்த்து, திரையில் ஓடும் எழுத்தையே குரலும் படித்தால் பார்ப்பவருக்குப் புரிவது குறைகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதனால் ஸ்லைடில் பத்தியை ஒட்டித் தப்பிக்க முடியாது. 'நீரின் தரம்' என்பதற்கு எந்தப் படத்தைப் போடுவது? ஃபுளோரைடால் கறை படிந்த பல்லா, ஆழ்துளைக் கிணற்றின் குறுக்குவெட்டா? முன்னது நோயைப் பற்றிய ஆய்வு, பின்னது பாறையைப் பற்றியது. எது தன்னுடையது என்று அந்த மாணவி முடிவு செய்தே ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கதை அழகாக முடிய வேண்டுமே என்று பொருந்தாத தரவை விட்டுவிடும் ஆசை வரும். விட்டது என்ன என்று நெறியாளர் கட்டாயம் கேட்க வேண்டும். வீடியோவுக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், முதல் ஸ்கிரிப்டையும் கடைசி ஸ்கிரிப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். கிணறுகளைப் பற்றிய அந்த ஒரு வரி எப்படி மாறியிருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.