வென்டிலேஷன்: காற்று ஓடுவதும் காற்றை ஓட்டுவதும்

கும்பப்பூ அறுப்பு சமயத்தில் பெரியப்பா மகன் பூதப்பாண்டிக்கு வந்திருந்தார். தெலங்கானாவில் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில், வென்டிலேஷன் பிரிவில் அவருக்கு வேலை. "உங்க வேலைக்குத் தமிழ்ல என்ன பேரு பெரியப்பா?" என்று என் மகள் கேட்டாள். காற்றோட்டம் என்று சொன்னவர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆனா அங்க காத்து தானா ஓடாது மக்களே, நாங்கதான் ஓட்டணும்" என்றார். இந்தச் சொல்லைப் பற்றி எழுத வைத்தது அந்த ஒரு வரிதான்.

லத்தீனில் வென்டுஸ் என்றால் காற்று. அதன் வழியில் வந்த வினை வென்டிலாரே. விசிறுதல், காற்றில் அசைத்தல் என்பதோடு, பதர் போகத் தூற்றுதல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஆங்கிலத்துக்குள் வந்த பிறகும் அந்தத் தூற்றும் பொருள் சில காலம் இருந்தது. ஆக, நமக்கு ஆபீஸ் சொல்லாகத் தெரிகிற வென்டிலேஷன், பிறப்பில் களத்துமேட்டுச் சொல். சுளவைத் தலைக்கு மேல் தூக்கிப் பொலி தூற்றிய நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இது அந்நியமான காட்சியே இல்லை.

ஆனால் களத்தில் காற்று தானாக வரும். காற்றுள்ள போதே தூற்றிக்கொள் என்கிறோம். இல்லாவிட்டால் வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கும்போது நமக்கு என்ன குறை? முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதும் அந்தக் காற்றை நம்பித்தான். பல நூறு அடி ஆழத்தில் அப்படி உட்கார்ந்திருக்க முடியாது. நிலக்கரியிலிருந்து மீத்தேன் கசிந்துகொண்டே இருக்கும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதனால் ஒரு பகுதியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் காற்றில் மீத்தேன் 0.75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க விதி. ஆளுக்கு நிமிஷத்துக்கு 6 கன மீட்டர் காற்றாவது போக வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள குளியலறை கொள்ளும் காற்று அது. ஒரே ஓர் ஆளுக்கு, நிமிஷம் தவறாமல்!

சரி, சொல்லுக்கு வருவோம். ஓடு என்பது தன்வினை, அதன் பெயர் ஓட்டம். ஓட்டு என்பது பிறவினை: மாட்டை ஓட்டுகிறோம், வண்டியை ஓட்டுகிறோம். பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்ட ஜன்னல்கள் வழியே வெயில் காலத்திலும் குளுமையாக வருகிறதே, அது காற்றோட்டம். அந்தத் தச்சர்கள் வழி வைத்தார்கள், காற்று தானாக வந்தது. சுரங்கத்தில் பெரிய மின்விசிறி வைத்து, கதவும் தடுப்பும் போட்டு, இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போகாதே என்று காற்றை மேய்க்கிறார்கள். அதைக் காற்றோட்டுதல் என்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. காற்றூட்டல் என்றும் சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் முதன்மை விசிறி பெரும்பாலும் காற்று வெளியேறும் வாயில்தான் இருக்கும். உள்ளிருந்து உறிஞ்சி வெளியே தள்ளும். ஊட்டுகிற வேலை அதற்கு இல்லை.

காற்று போகும் பாதையை அங்கே ஏர்வே என்கிறார்கள். இதற்குப் புதுச் சொல் தேடவே வேண்டாம். கால் என்றால் பழந்தமிழில் காற்று, அதர் என்றால் வழி. காலதர் என்றால் காற்று வரும் வழி. புகார் மாளிகைகளின் ஜன்னல்களை 'மான்கண் காலதர்' என்கிறது சிலப்பதிகாரம். ஜன்னல் என்ற சொல் வந்தபின் காலதர் சும்மா கிடக்கிறது. சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்: புது காற்று போவது உள்காலதர், அழுக்குக் காற்று திரும்புவது மீள்காலதர். இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கூடவே வரும் இரண்டு சொற்கள். டீவாட்டரிங் என்பதை நீர்நீக்கம் என்று பெயர்ப்பதுண்டு. இறைத்தல் என்ற உயிருள்ள சொல் இருக்கும்போது அது எதற்கு? கிணற்றை இறைக்கிறோம், வள்ளத்துக்குள் ஏறிய தண்ணீரைக் கடற்கரையில் இறைக்கிறார்கள். சுரங்கத்திலும் நீரிறைப்பே போதும். சப்போர்ட் என்பது முட்டு. ஏத்தன் வாழை குலை தள்ளியதும் கொடுக்கிறோமே, அதே முட்டுதான். ஆனால் மேற்பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பியைச் செலுத்தி அடுக்குகளைக் கட்டிவைக்கும் ரூஃப் போல்ட் முட்டு ஆகாது. கீழிருந்து தாங்கினால்தானே முட்டு? அதைப் பிணைப்பு என்று வேறாகச் சொல்ல வேண்டும்.

இந்த மூன்று வேலைகளும் தனித்தனி அல்ல. மேற்பாறை இடிந்தால் காலதர் அடைபடும். பள்ளமான பாதையில் தண்ணீர் முட்ட நின்றாலும் அடைபடும். 1862-இல் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் எந்திரத்தின் பெரிய உத்தரம் ஒடிந்து குழிக்குள் விழுந்தது. ஆள் போகவும் காற்று வரவும் இருந்தது அந்த ஒரே குழிதான். உள்ளே அடைபட்ட ஆண்களும் சிறுவர்களும் நச்சு வாயுவில் மாண்டார்கள். அந்த விபத்து பலிகொண்டது 204 உயிர்களை. அதே வருஷம் சுரங்கத்துக்கு இரண்டு வாயில் கட்டாயம் என்று அங்கே சட்டம் வந்தது.

அண்ணன் ஊருக்குத் திரும்பும் முன் மகள் தன் நோட்டில் எழுதியதைக் காட்டினாள்: காற்றோட்டுப் பிரிவு. அவர் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "இதுதான்டே எங்க வேலை" என்றார்.