அசையாத காட்சியில் அலையும் கண்

காரைக்குடியில் அண்மையில் ஒரு சுயாதீனப் படம் பார்த்த வாசகர் கேட்டிருக்கிறார்: “வளவில் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத்தில்) ஓர் ஆச்சி நான்கு நிமிடம் மொச்சை உரிக்கிறார், கேமரா நகரவே இல்லை. எனக்குச் சலிப்புத் தட்டியது. பக்கத்தில் இருந்த நண்பரோ கண் கலங்கிவிட்டார். இது எப்படி?”

விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவே, அதாவது ஏறத்தாழ 2 பாகை மட்டுமே, துல்லியமாகத் தெரியும். மற்றதைக் காணக் கண் விநாடிக்கு 3, 4 முறை தாவுகிறது. வணிகப் படங்களில் ஷாட் சட்சட்டென மாறுவதால், எல்லோர் பார்வையும் பெரும்பாலும் திரையின் நடுவுக்கோ பேசும் முகத்துக்கோ சேர்ந்தே இழுபடுகிறது. ஷாட் நீண்டால் அந்தப் பிடி தளர்ந்து, அவரவர் கண் அவரவர் வழியில் போகிறது.

அந்த வழியை எது தீர்மானிக்கிறது என்பதைச் சோவியத் ஆய்வாளர் ஆல்பிரட் யார்பஸ் காட்டிய விதம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. கண்ணில் ஒட்டிய சிறு உறிஞ்சுமூடியில் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொருத்தி, அதில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒளியுணர் தாளில் பதிவுசெய்தார் அவர். நெடுநாள் பிரிந்திருந்தவர் எதிர்பாராமல் வீடு திரும்புவதைக் காட்டும் இல்யா ரேப்பினின் ஓவியத்தை ஒருவரிடம் கொடுத்து, கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். குடும்பத்தின் வசதியைக் கேட்டபோது பார்வை உடைகளிலும் அறைப் பொருள்களிலும் மேய்ந்தது. வயதைக் கேட்டபோது முகங்களில் நின்றது. வந்தவர் எவ்வளவு காலம் பிரிந்திருந்தார் என்றபோது, அவர் முகத்துக்கும் வீட்டார் முகங்களுக்கும் இடையே மாறி மாறி ஓடியது. ஓவியம் ஒன்றுதான், கேள்விக்கேற்பக் கண்ணின் தடம் வேறானது.

மிகைகளை உதறிய படம், வசனத்தாலோ இசையாலோ அந்தக் கேள்வியை நமக்கு எடுத்துத் தருவதில்லை. ‘இத்தனை மொச்சையும் யாருக்காக?’ என்று நண்பர் நினைத்திருந்தால், அவர் கண் ஆச்சியின் விரல்களிலிருந்து வளவைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் அறைக்கதவுகளுக்குத் தாவியிருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் காத்திருந்தவருக்கு அந்தக் கதவுகள் வெறும் பின்னணி. நீளமான ஷாட் எல்லாமே சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வி எழுப்பும் பொருள் சட்டகத்துக்குள் இல்லையென்றால், கண் கைபேசிக்குப் போவது இயல்பு.

கண்ணசைவைப் பதியும் கருவிகள் இன்று மேசைமேல் அடங்கிவிடுகின்றன. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் உள்ள காரைக்குடியில், தமிழ்ப் பார்வையாளர்களை வைத்து இத்தகைய ஆய்வு நடக்க நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அத்தகைய வளவில் வளர்ந்தவரின் கண்ணும், அதை முதன்முறை காண்பவரின் கண்ணும் அந்த நான்கு நிமிடத்தில் எங்கெங்கே பிரிகின்றன என்பதிலிருந்தே தொடங்கலாம்.