இளநீர் எங்கிருந்து வருகிறது?

வேர் உறிஞ்சிய தண்ணீரைத் தென்னை காய்க்குள் ஏற்றி வைத்திருக்கிறது, அதுதான் இளநீர் என்று பலரும் எண்ணுகிறோம். தண்ணீர் வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் இளங்காய்க்குள் இருப்பது உயிருள்ள திசு. செல்சுவர் எழும்பாமல், உட்கருக்கள் மட்டும் மிதக்கும் திரவத் திசு. அது உருவாகவே தனியாக ஒரு கருவுறுதல் நடந்தாக வேண்டும்.

பாளை வெடித்ததும் உற்றுப் பாருங்கள். கதிர்களில் நெடுக நெருங்கி நிற்பவை ஆண் பூக்கள். அடியில் உருண்டு திரண்டிருக்கும் சில மட்டும் பெண் பூக்கள். இவைதான் பிறகு குரும்பையாகின்றன. நெட்டை ரகங்களில் ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து, ஏறக்குறைய மூன்று வாரங்களில் உதிர்ந்துவிடும். பெண் பூ தயாராகும்போது அதே பாளையில் மகரந்தம் இராது. வேறு பாளையிலிருந்து, பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து, தேனீயோ காற்றோ கொண்டுவர வேண்டும். குட்டை ரகங்களில் இரண்டும் ஒரே சமயத்தில் அமைவதால் தன் மகரந்தமே போதும்.

பெண் பூவின் நுனியான சூல்முடியில் ஒட்டிய மகரந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சி, ஒரு குழலை நீட்டுகிறது. அதற்குள் இரண்டு ஆண் செல்கள். பெரணிகளின் ஆண் செல்கள் தண்ணீரில் நீந்திப் போகும். பூக்கும் தாவரங்களின் ஆண் செல்களுக்கு நீந்தத் தெரியாது, குழல்தான் சுமந்து செல்கிறது. மக்காச்சோளத்தில் இந்தப் பயணம் 20 சென்டிமீட்டரையும் தாண்டலாம். முட்டைக்குப் பக்கத்திலுள்ள துணைச் செல்கள் வேதிப்பொருளைக் கசியவிட்டு வழிகாட்ட, குழல் சூலுக்குள், அதாவது விதையாகப் போகும் பகுதிக்குள், நுழைந்து வெடிக்கிறது. ஒரு ஆண் செல் முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றது, இரண்டு உட்கரு கொண்ட நடுச்செல்லோடு சேர்கிறது. இதிலிருந்து வளர்வதுதான் கருவூண்திசு, கருவுக்கான கட்டுச்சோறு. தென்னையின் சாதாரண செல்லில் 32 குரோமோசோம்கள். இந்தத் திசுவில் 48. தாயிடமிருந்து இரு பங்கு, தந்தையிடமிருந்து ஒரு பங்கு.

முட்டையோடு ஓர் ஆண் செல் சேர்வதைத் தாவரவியலாளர் ஸ்ட்ராஸ்பர்கர் 1884 இல் காட்டியிருந்தார். இரண்டாவது செல்லின் வேலையைக் கண்டவர் கீவ் நகரின் செர்கெய் நவாஷின். ஆண்டு 1898, ஆராய்ந்தது லில்லிச் செடி. மறு ஆண்டே பிரான்சில் குய்ன்யார் தனியாக அதையே கண்டார்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதன் சிக்கனம். பைன் மரம் கருவுறும் முன்பே சூலுக்குள் உணவுத் திசுவை வளர்க்கத் தொடங்கிவிடும்; கரு அமையாவிட்டால் அத்தனையும் வீண். பூக்கும் தாவரமோ கருவுற்றது உறுதியான பிறகே உணவு சேர்க்கிறது. நாம் உண்ணும் அரிசி, கோதுமை, சோளம் எல்லாம் பெரும்பகுதி இந்தத் திசுதான். மொச்சையிலும் நிலக்கடலையிலும் விதை முற்றுமுன்பே கரு அதை உண்டு, தன் விதையிலைகளில் சேர்த்துக்கொள்கிறது.

தென்னையில் உட்கருக்கள் சுவரின்றிப் பெருகிக்கொண்டே போகும். ஆறேழு மாதத்தில் காய் நிறைய நீர். பிறகு உட்கருக்கள் ஓட்டின் உட்புறம் ஒதுங்கிச் சுவர் எழுப்பத் தொடங்கும். முதலில் வழுக்கை, பன்னிரண்டு மாதத்தில் கெட்டிப் பருப்பு. கரு இருப்பது மூன்று கண்களில் மென்மையான ஒன்றின் அடியில். முளைக்கும்போது அதன் விதையிலை உள்ளே பஞ்சாகப் பருத்துப் பருப்பைக் கரைத்து உறிஞ்சும். தெருவோர வண்டிகளில் விற்கும் தேங்காய்ப்பூ இதுதான்.

கருவை வளர்க்கவே உண்டானது என்பதால் இளநீரில் செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின்களும் உண்டு. 1941 இல் வான் ஓவர்பீக் குழுவினர், தனியே எடுத்த ஊமத்தைக் கருக்களைத் தேங்காய்த் திரவம் ஊற்றி வளர்த்துக் காட்டினர். ஆர்க்கிட் வளர்க்கும் திசு வளர்ப்புக் கூடங்களில் இன்றும் ஊடகத்தோடு அதைச் சேர்க்கிறார்கள்.