கணுக்காலில் அழுத்தம் ஏன் கூடுதல்?

கால் தமனி அடைப்பைக் கண்டறியும் முகாமில் கையிலும் ஏன் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுப்பதற்காகத்தான். படுக்கவைத்து, சற்று ஓய்வுக்குப் பின், ரத்த ஓட்டத்தை ஒலியாக்கிக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியால் இரு கைகள், இரு கணுக்கால்கள் என நான்கு இடங்களிலும் மேல் அழுத்தத்தை அளப்பார்கள். கையில் 130, கணுக்காலில் 143 என்றால் விகிதம் 1.1; நலம். கணுக்காலில் 104 என்றால் 0.8. விகிதம் 0.9 அல்லது அதற்கும் கீழே போனால் அடைப்பு.

படுத்திருப்பவரிடம் புவியீர்ப்புக்கு வேலை இல்லை. பிறகு இதயத்திலிருந்து வெகுதொலைவிலுள்ள கணுக்காலில் அழுத்தம் எப்படிக் கூடுகிறது? எனக்கு அலுக்காத கேள்வி இது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தோடு ஓர் அழுத்த அலையும் புறப்படுகிறது. ரத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. தமனிகள் போகப்போகக் குறுகி விறைக்கின்றன. கடைசியில் நுண்தமனிகள் அலையின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. வருகிற அலைமேல் திரும்புகிற அலை ஏற, முகடு உயர்கிறது. சராசரி அழுத்தமோ சற்றுக் குறைந்தேதான் இருக்கும். ரத்தத்தை ஓடவைப்பது அந்தச் சராசரியின் சரிவு. நாம் அளப்பது முகட்டை. வழியில் அடைப்பிருந்தால் அங்கே எழும் சுழல்களில் ஆற்றல் கரைந்து, அந்த முகடு மழுங்கிவிடுகிறது. இதைக் காதாலேயே கேட்கலாம்: நலமான தமனி டாப்ளரில் பாய்ச்சல், சிறு பின்னோட்டம், மீண்டும் முன்னோட்டம் என மூன்றாக ஒலிக்கும், மோசமான அடைப்புக்குக் கீழே ஒற்றை மந்த ஒலிதான்.

நீண்டகால நீரிழிவில் கால்சியம் படிந்த தமனியை, அழுத்தம் பார்க்கக் காற்றேற்றிக் கட்டும் பட்டையால் நசுக்க முடியாது, விகிதம் 1.4-ஐத் தாண்டும். அப்போது கால்விரலில் அளக்க வேண்டும்.

நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் தணியும் என்பது பாடநூல் அறிகுறி. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோருக்கு அது இருப்பதில்லை; இருப்பவர்களும் வயதின் மேல் பழிபோட்டுவிடுகிறார்கள். அப்படியானால் எல்லோரையும் சோதிக்கலாமா? போதிய சான்று இல்லை என்றது அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 2018இல். டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையிலான ஆண்கள் சுமார் 50,000 பேரிடம் நடந்த ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் ஐந்தாண்டு இறப்பு 7% குறைந்தது. முடிவு 2017இல் வெளியானது. ஆனால் அங்கே வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், உயர் ரத்த அழுத்தம் இரண்டையும் சேர்த்தே பார்த்தார்கள். கணுக்கால் சோதனையின் பங்கைத் தனியே பிரிக்க இயலாது. பெண்களும் அதில் இல்லை. பட்டையும் சிறு கருவியும் போதும் ஒரு சோதனைக்கு, பெண்களையும் சேர்த்துத் தனி ஆய்வு நடத்த நிதி ஒதுக்குவதே நியாயம்.

அதுவரை புகைப்பவர்களையும் நீரிழிவுள்ளவர்களையும் முதலில் அழைக்கலாம் என்பது என் கருத்து. எண்ணை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பும் முகாமை நான் ஏற்கமாட்டேன். 0.8 என்று தெரிந்தவருக்குப் புகையை விட உதவி, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, மேற்பார்வையில் நடைப்பயிற்சி ஆகியவற்றுக்கு அங்கேயே வழிசெய்ய வேண்டும்.