கன்சோல்: தூணின் தலையிலிருந்து டிவியின் அடிக்கு

2025 ஏப்ரல் 3. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தன் புதிய வீடியோ கேம் கருவியான ஸ்விட்ச் 2-இல் ஆட்டங்களை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. நேரலையில் எது ஓடினாலும் பக்கத்து அரட்டையில் ஒரே கோஷம்தான்: விலையைக் குறை, விலையைக் குறை. முந்தைய ஸ்விட்ச் 2017-இல் அமெரிக்காவில் 300 டாலருக்கு வந்தது. இது 450. 'மாரியோ கார்ட் வேர்ல்டு' என்ற ஓர் ஆட்டத்துக்கு மட்டும் 80. கருவியைச் சுற்றிக்காட்டும் 'வெல்கம் டூர்' இருக்கிறதே, இலவசமாகக் கூடவே வர வேண்டியது, அதற்கும் 10 டாலர் கேட்டார்கள்.

சரி, யாரும் வாங்கவில்லையா என்றால், ஜூன் 5-இல் கடைக்கு வந்து நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த நிறுவனத்தின் எந்தக் கருவியும் அதற்கு முன் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. 'கலவையான வரவேற்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பாதிப் பேர் புகழ்ந்து பாதிப் பேர் திட்டினால்தானே கலவை? திட்டிக்கொண்டே வாங்குவதற்கு வேறு சொல் வேண்டும்.

அதை அப்புறம் தேடலாம். முதலில், இந்தக் கருவிக்கு ஏன் கன்சோல் என்று பெயர்?

சொல் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு மேலே உள்ள விளிம்பையோ பலகையையோ தாங்கும் தாங்கிக்கு அங்கே கன்சோல் என்று பெயர். அதற்கு முன் எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 'ஆறுதல் தருபவர்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் என்கிறார்கள் சிலர். பாரம் தாங்குவது போலச் செதுக்கிய மனித உருவங்களை அப்படி அழைத்தார்களாம். 'உறுதியாக்கு' என்னும் லத்தீன் வினையோடு சேர்ப்பவர்களும் உண்டு.

இந்த முதல் பொருளுக்குத் தமிழில் புதுச்சொல் தேடவே வேண்டாம். கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். தூணின் தலையில் உட்கார்ந்து இருபுறமும் கை நீட்டி உத்திரத்தைத் தாங்குகிறதே ஒரு கல், அது போதிகை. பல்லவர் காலத்தில் அலை அலையாகச் செதுக்கினார்கள், தரங்கப் போதிகை. நாயக்கர் காலத்தில் அதுவே வாழைப்பூ போலக் கீழே தொங்கும். அச்சு அசலாக அதே பொருள் இல்லையென்றாலும் வேலை அதேதான்.

பிறகு தாங்கி மேசையாயிற்று. தேவாலயத்து ஆர்கன் வாசிப்பவர் முன் இருக்கும் கட்டைகளும் மிதிகளும் கொண்ட மேடை கன்சோல் ஆயிற்று. வானொலியை வைத்த மரப்பெட்டி, பெரிய கணினியின் இயக்குமேசை என்று சொல் நகர்ந்துகொண்டே வந்து டிவிக்கு அடியில் நின்றது. வீட்டு டிவியில் செருகி ஆடும் முதல் கருவி, 1972-இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசி. சத்தம் வராது. மதிப்பெண்ணை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். டிவித் திரைமேல் வண்ணப் பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் அதுதான் மைதானம்.

நம் ஊரில் 90-களில் கன்சோல் என்று சொல்லிக் கேட்டதில்லை. கருவிக்கும் 'வீடியோ கேம்', ஆட்டத்துக்கும் 'வீடியோ கேம்'. செருகுவது கேசட். ஓடவில்லையென்றால் உருவி, வாயால் ஒரு ஊது ஊதி மறுபடி செருகுவோம். ஸ்விட்ச் 2-இல் அதிகம் திட்டு வாங்கிய ஒன்றை அந்தக் காலத்து ஆளிடம் விளக்குவது சுலபம்: சில கேசட்டுக்குள் ஆட்டமே இல்லை. செருகினால் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். இறக்கிய பிறகும் ஆட அந்தக் கேசட் செருகியே இருக்க வேண்டும். இதில் எதைப் போய் ஊதுவது?

சரியான தமிழுக்கு வருவோம். முனையம் சரிவராது, அது டெர்மினலுக்கு நிலைத்துவிட்டது. பணியகம் என்றால் யாரோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றுகிறது. ஆட்டப்பெட்டி எனக்குப் பிடிக்கும். ஆனால் ஸ்விட்ச் கையில் ஏந்தி ஆடுவது, அதைப் பெட்டி என்றால் இடிக்கிறது. என் தேர்வு ஆட்டப்பொறி. கணிப்பொறி ஏற்கெனவே பழகிய சொல், சீட்டாட்டமும் சதுரங்க ஆட்டமும் நம்முடையவை. ஜப்பானியரும் 'கேமுகி' என்றுதான் சொல்கிறார்கள். 'கி' என்றால் பொறி.

பொறி என்றால் எலிப்பொறியும் தானே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். 450 டாலர் கொடுத்து உள்ளே போனவர், ஆட்டம் ஆட்டமாக 80 டாலர் எடுத்துவைப்பதைப் பார்த்தால், அந்தப் பொருளும் கூடவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றுகிறது.